நிமிர்ந்த முதுகின் அளவு

எட்டு அடுக்குக் கருநீலத் துணியின் மேல் சாக்பீஸால் கோடு போட்டு, பெரிய கத்தரியால் கை வளைவை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. பள்ளிக்கூடங்கள் திறக்க இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் சீருடைகள் பாக்கி. மேசையின் அந்தக் கோடி வரை எட்டி வெட்டிவிட்டு அவள் நிமிரப் பார்த்தாள். இடுப்பு ஒத்துழைக்கவில்லை. யாரோ முதுகுக்குள் கையை விட்டு, ஒரு நரம்பைப் பிடித்து முடிச்சுப் போட்டதுபோல் சுரீரென்று இழுத்தது. குனிந்தது குனிந்தபடியே நின்றாள்.

"இந்தா, கத்தரியை வாங்கிக்கோ," என்றாள், பக்கத்தில் துணி விரித்துக்கொண்டிருந்த இளையவளிடம். அவள் இரண்டாவது வெட்டுக்காரி. குள்ளமாக, உருண்டையாக இருப்பாள். கடையில் எல்லோரும் அவளைக் 'குட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அதற்கு முகம் சுளித்ததில்லை.

"ஏன்க்கா, மிச்சத்தை நான் வெட்டவா?"

"வெட்டறது இருக்கட்டும். முதல்ல என்னை இந்த மேசையில இருந்து பிரிச்சு எடு."

பிரித்தெடுக்க முடியவில்லை. கடைசியில் தையல்காரிகள் நாலு பேர் சேர்ந்து அவளை அப்படியே மேசை மேல் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். வெட்டின துணியும் வெட்டாத துணியுமாக அவளுக்குக் கீழே கிடந்தன. சத்தம் கேட்டு முன்னறையிலிருந்து முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, துணி மேல படுத்துட்டே?"

"நீளம் போதுமான்னு பாக்கறேன் சார்."

ஒன்பது தையல் மெஷினும் நின்றுபோய் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் உயிர் போகிற மாதிரி வலித்தது.

அப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. அந்தத் தையற்கடையில் இருபத்தைந்து வருஷமாக வெட்டும் வேலை. முன்னறையில் அளவெடுப்பதும், பின்னறையில் வெட்டிக் கொடுப்பதும் அவள்தான். ஆளைக் கண்ணால் பார்த்தே தோள் அகலம் சொல்லிவிடுவாள். டேப் வைத்துப் பார்த்தால் கால் அங்குலம் தப்பாது. கடையில் அவளுக்கு 'மாஸ்டர்' என்று பெயர். அதற்கு முந்தைய பெயர்கள் வேறு.

அவள் உயரம் ஐந்தடி பத்தங்குலம். பதிமூன்றாவது வயதில் அம்மாவைத் தாண்டினாள், பதினாலில் அப்பாவை. வகுப்பில் நெட்டை, ஏணி, கொடிக்கம்பம் என்று வருஷத்துக்கு ஒரு பெயர் மாறியது. வகுப்புப் புகைப்படத்தில் அவளை மட்டும் கடைசி வரிசையில் பையன்களோடு நிறுத்தினார்கள். வீட்டில் அம்மா ஒன்றும் திட்டவில்லை. "கொஞ்சம் அடங்கி நில்லேன், கண்ணு," என்று மட்டும் சொல்வாள், அதுவும் அன்பாகத்தான். உன் உயரத்துக்கு மாப்பிள்ளையை எங்கே போய்த் தேடுவேன் என்கிற கவலை அந்த அன்புக்குள் இருந்தது. அவளுக்கும் அது புரிந்தது. தோளை முன்னால் மடக்கிக்கொண்டாள். தலையைத் தொங்கப் போட்டாள். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நின்றால் ஓர் அங்குலம் குறையும் என்று கண்டுபிடித்தாள். அப்படிக் கண்டுபிடித்ததில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மாப்பிள்ளையைத் தேட வேண்டிய அவசியம் வரவில்லை. அவனே கடைக்கு வந்தான். அடுத்த தெருக் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிற ஆள். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். எந்தக் கால்சட்டை வாங்கினாலும் நாலு விரல் வெட்டித்தான் போட வேண்டும். வெட்டிக் கொடுக்கிறவள் அவள். ஒரு மனிதனுக்கு இரண்டு வருஷத்தில் எத்தனை கால்சட்டை தேவைப்படும்? அவன் பதினாலு கொண்டுவந்தான். பதினைந்தாவதைக் கொண்டுவந்தபோது அது புதுசே இல்லை, அவளே ஏற்கெனவே வெட்டித் தைத்தது.

"இதைத்தான் போன வருஷமே குறைச்சாச்சே," என்றாள்.

"தெரியும்," என்றான். "வேற சாக்கு கிடைக்கல."

கல்யாணத்தன்று புகைப்படக்காரர், மணப்பெண்ணை முழங்காலை மடக்கி நிற்கச் சொன்னார். நீளமான உடை, வெளியே தெரியாது. அவள் மடக்கினாள். அதன் பிறகு இருபத்து மூன்று வருஷமும், அவரோடு தெருவில் போகும்போதெல்லாம், யாரும் சொல்லாமலே மடங்கித்தான் நடந்தாள்.

வலி அன்று திடீரென்று வந்ததல்ல. வருஷக்கணக்காக அது வீட்டுக்குள் இருக்கிற ஒரு வாடகைக்காரர் மாதிரி இருந்தது. காலையில் எழுந்தால் கூடவே எழும். தைலம் பார்த்தாயிற்று, இடுப்புப் பட்டை பார்த்தாயிற்று, மாத்திரை பார்த்தாயிற்று. எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார், அது ஏதோ அவளுடைய குற்றம் மாதிரி. பக்கத்து வீட்டில் இருந்த நாத்தனாருக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். "படுத்து ரெஸ்ட் எடுங்க அண்ணி. வலிக்குதுன்னா உடம்பு படுக்கச் சொல்லுதுன்னு அர்த்தம்."

மேசை மேல் படுத்த அந்த வாரம், கணவர் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அங்கே கீழ்த்தளத்தின் கடைசியில், மருந்து வாசனை இல்லாத ஓர் அறை. ஆளுயரக் கண்ணாடி, பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், நீல மெத்தை விரிப்பு. பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள்.

"படுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே இவள் மெத்தைப் பக்கம் போனாள்.

"வேணாம்மா. அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க."

நடந்தாள். திரும்பி வந்தாள்.

"கீழ ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"தரையவே பாத்து நடக்கறீங்க, அதான் கேட்டேன்."

பிறகு சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னாள். குதிகால் சுவரில் பட்டது. பின்பக்கம் பட்டது. தோள் பாதி பட்டது. தலை படவே இல்லை. தலைக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பெண் விரலை வைத்துப் பார்த்தாள். ஐந்து விரலும் போய், இன்னும் இடம் இருந்தது.

"முதுகெலும்புல கோளாறு இல்லம்மா. சதைதான் தன் வேலையை மறந்துபோச்சு. நெஞ்சுப் பக்கம் சுருங்கிக் கிடக்கு. முதுகுப் பக்கம் நாள் முழுக்க உங்க தலையை இழுத்துப் பிடிச்சே களைச்சுப்போகுது. எத்தனை வருஷமா இப்படிக் குனியறீங்க?"

"எங்க கடையில மேசை தாழ்வு. அதுல நின்னு வெட்டணும்."

"சரி. நடக்கும்போதும் அந்த மேசை கூட வருதா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி முழுக்கக் கோபமாக இருந்தது. சின்னப் பெண், வாயைப் பார், என்று கணவரிடம் இரண்டு தரம் சொன்னாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், முன்னறையில் வாடிக்கையாளர்கள் உடுப்புப் போட்டுப் பார்க்கிற மறைப்புக்குள் போனாள். அங்கே மூன்று பக்கமும் கண்ணாடி. ஆயிரம் பேரை அதில் திருப்பித் திருப்பி நிறுத்திப் பார்த்தவள், தன்னைப் பக்கவாட்டில் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, குட்டையைக் கூப்பிட்டு டேப்பைக் கையில் கொடுத்தாள்.

"எனக்கு அளவு எடு. கழுத்து எலும்புல இருந்து இடுப்பு வரைக்கும் பின்னால. அப்புறம் முன்னால."

குட்டை ஒரு முக்காலி மேல் ஏறி எடுத்தாள். பின்பக்கம் எவ்வளவு, முன்பக்கம் எவ்வளவு என்று அவள் வாசிக்க வாசிக்க, இவளுக்கு நோட்டுப் புத்தகமே தேவைப்படவில்லை. கூன் விழுந்த கிழவர்கள் வந்தால் அவர்களுடைய சட்டைக்கு வருகிற கணக்கு அது. பின்துண்டு நீளம், முன்துண்டு குட்டை. அப்படிப்பட்டவர்கள் மனசு நோகக் கூடாது என்று நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் வைப்பாள். அந்தப் புள்ளியை இப்போது தன் பெயருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் தன்னுடைய சட்டைக்கான மாதிரி அட்டையைப் பரணிலிருந்து எடுத்தாள். கல்யாணமான புதிதில் வெட்டிய அட்டை. அதன் பின்துண்டில் மூன்று தடவை காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. சட்டை முதுகில் பிடிக்கிறது என்று சில வருஷத்துக்கு ஒரு தரம் அவளே ஒட்டியதுதான். உடம்பு வளைய வளைய, துணியும் வளைந்து இடம் கொடுத்திருக்கிறது. எல்லோருடைய குறையையும் மறைத்துத் தைக்கத் தெரிந்த கை, தன் குறையைத் தன்னிடமிருந்தே மறைத்துவிட்டது. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கோபம் அந்தப் பெண் மேல் இல்லை என்று அப்போது தெரிந்தது.

பிறகு அவள் செய்ததுதான் அவளைப் பற்றிச் சொல்லத் தூண்டுகிற விஷயம். சுவரோடு முடிந்தவரை நிமிர்ந்து நின்று, கணவரை அளவெடுக்கச் சொன்னாள். அவர் நாற்காலி மேல் ஏறி, லென்ஸ் அளக்கிற பொறுமையோடு எடுத்தார். அந்த அளவுக்குப் புது அட்டை வெட்டினாள். காகிதப் பட்டை இல்லாத அட்டை. சாம்பல் நிறப் பருத்தித் துணியில் அதற்கொரு சட்டை தைத்தாள். நிமிர்ந்து நின்றால் கச்சிதமாக உட்காரும். கொஞ்சம் கூன் போட்டாலும் தோள்பட்டைக்கு நடுவில் பிடித்து இழுக்கும், முன்னால் பொத்தானுக்கு நடுவே வாய் பிளக்கும். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் அது அவளை எத்தனை தடவை இழுத்தது என்று எண்ண முயன்று, நாற்பதோடு விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் காட்டியபோது அவள் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "பத்து வருஷமா இந்த வேலை பாக்கறேன், இப்படி யாரும் தச்சுட்டு வந்ததில்ல," என்றாள். "ஆனா சட்டை ஞாபகப்படுத்தத்தான். நிமிர வேண்டியது நீங்க. நடங்க. ஒரே மூச்சுல வேணாம், பத்துப் பத்து நிமிஷமா. கண்ணு தரையில வேணாம், தூரத்துல ஒரு கம்பத்தைப் பாருங்க. குதிகால் முதல்ல பதியட்டும். கையை வீசுங்க, பையை ஒத்தைத் தோள்ல தொங்கவிடாதீங்க. உக்காந்தாலும் நின்னாலும் அரை மணிக்கு ஒரு தரம் அந்த இடத்தை விட்டு நகருங்க. முக்கியமா, விறைப்பா நிக்காதீங்க. அணிவகுப்புக்கா போறீங்க?"

வீட்டிலிருந்து கடைக்கு மூன்று பஸ் நிறுத்தம். முதல் வாரம் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். இரண்டாம் வாரம் இரண்டு. கண்ணைத் தரையிலிருந்து எடுத்ததும் ஒரு விஷயம் தெரிந்தது. அந்தத் தெருவுக்கு மேல்பாதி ஒன்று இருந்தது. இருபத்தைந்து வருஷமாக அந்த வழியில் போய்வருகிறவளுக்கு, எந்த இடத்தில் நடைபாதைக் கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே சாக்கடை மூடி ஆடும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் இரும்புக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஒருவர் இத்தனை புறா வளர்க்கிறார் என்று தெரியாது. அச்சகத்தின் நெற்றியில் ஒரு கடிகாரம் இருப்பதும், அது ஐந்தே காலில் நின்றுபோயிருப்பதும் தெரியாது. ஒரு வீட்டு முதல் மாடி ஜன்னலில் தினமும் எட்டு மணிக்கு ஒரு வயதான அம்மா தலை வாரிக்கொள்வார். பத்தாம் நாளிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைக்க ஆரம்பித்தார்கள்.

முனைப் பழக்கடைக்காரர் ஒருநாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, இந்த வயசுல வளந்துட்டீங்க?"

"முன்னாடியே வளந்ததுதான். மடிச்சு வெச்சிருந்தேன்."

சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். உயரத்தைப் பற்றி யாராவது பேசினால் தோளை மடக்குவதுதான் அதுவரை அவளுக்குத் தெரிந்த பதில்.

உற்சாகம் அவளைக் கவிழ்த்தது. மூன்றாம் வாரம், போகவும் வரவும் முழுத் தூரமும் நடந்தாள். அதே வாரம், பள்ளி திறந்த பிறகு வந்த புதுச் சீருடை ஆர்டர்களின் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. வியாழக்கிழமை காலையில் பல் தேய்க்கக் குனிந்தவள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மறுபடி கட்டில். சாம்பல் நிறச் சட்டை அலமாரியின் அடியில் போனது. நாத்தனார் தினம் இரண்டு வேளை வந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும், "நான் அன்னிக்கே சொன்னேன் அண்ணி," என்று ஆரம்பித்தாள். ஊர் சுற்றினால் இப்படித்தான் என்று முடித்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் கணவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாலு நாளா படுத்திருக்கே. குறைஞ்சுதா?"

"இல்ல."

"நடந்தாலும் வலிக்குது, படுத்தாலும் வலிக்குது. அப்ப நடந்தே வலிக்கட்டுமே. எழுந்திரு, நானும் வரேன். தெருக்கோடி வரைக்கும்."

இருவரும் இறங்கி நடந்தார்கள். ஆமை வேகம்தான். அவர் ஏதோ கடைக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். கேட்கக் கேட்க, தன்னையறியாமல் அவர் பக்கம் சாய்ந்து, தோளை இறக்கி, முழங்காலை மடக்கினாள். அவர் பேச்சை நிறுத்தினார்.

"எனக்காகக் குனியறியா?"

"நீங்க பேசறது கேக்கணும்ல."

"நீ நிமிர்ந்தா எனக்கு வாய் இல்லாம போயிடுமா? சத்தமா பேசறேன்." கொஞ்ச தூரம் போய்விட்டு, இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னார். "நீ உயரமா இருக்கறதுல எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்ல. பதினஞ்சு கால்சட்டை எதுக்குக் கொண்டுவந்தேன்னு நினைச்சே? என் பக்கத்துல வந்தா மட்டும் நீ மடங்கறே பாரு, அதைப் பாக்கும்போதுதான் ஒரு மாதிரி இருக்கும். என்னால இவளுக்கு முதுகு வளையுதேன்னு."

"இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"குள்ளன் சொன்னா, தன் குறைக்குச் சமாதானம் சொல்றான்னு நினைப்பியோன்னு."

அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். அவர் தலை தன் தோளுக்குச் சற்று மேலே மட்டும்தான் வருகிறது என்பதை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாள். அவர் முன்னைவிட உரக்க, தெருவுக்கே கேட்கிற மாதிரி, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்கள். வலி இருந்தது. ஆனால் கூடிப்போகவில்லை.

மறுவாரம் கடைக்குப் போனதும் முதலாளியிடம் நேராகக் கேட்டாள். "சார், அந்த மேசையை உசத்தணும். ஆறு அங்குலம்."

"இருபத்தஞ்சு வருஷமா அந்த மேசை அப்படித்தான்மா இருக்கு. எங்க அப்பா போட்டது."

"எனக்கும் இருபத்தஞ்சு வருஷமாத்தான் சார் வலி."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உசத்தினா குட்டைக்கு எட்டாதே."

"அவளுக்குப் பலகை போட்டுக்கலாம். அவ ஏறி நிக்கலாம், நான் இறங்கி நிக்க முடியாதுல்ல. முடியும்னு நினைச்சுத்தான் இவ்வளவு நாள் கெட்டேன்."

மேசையின் நாலு காலுக்கும் கட்டை கொடுத்து உயர்த்தினார்கள். குட்டைக்கு ஒரு நீளப் பலகை வந்தது. அதில் ஏறி நின்று கடையையே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, அக்கா, உங்களுக்கு இப்படித்தான் தெரியுமா எல்லாம்?" என்றாள். அன்றிலிருந்து அவளைப் பலகையிலிருந்து இறக்குவது பெரும்பாடாகிவிட்டது.

மேசையோடு அவள் நிற்கவில்லை. மெஷினில் காலை முதல் மாலை வரை வளைந்து உட்கார்ந்திருக்கிற ஒன்பது பேரையும் புதுக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தாள். நடங்கள், எழுந்திருங்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அவள் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோர் கைக்கும் எட்டுகிற மாதிரி இருந்த நூல்கண்டு அலமாரியைப் பின்னறையின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டாள். நூல் தீர்ந்தால் எழுந்து போய்த்தான் எடுக்க வேண்டும். ஒரு வாரம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். முதலாளி, வேலை குறைகிறது என்று தலையைச் சொறிந்தார். மாசக் கடைசியில் பார்த்தால் வேலை குறையவில்லை. சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறவர்களின் முனகல்தான் குறைந்திருந்தது. அலமாரியை எதற்கு மாற்றினோம் என்பதை அவள் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்.

எட்டு மாசத்தில் அவளுடைய தலை சுவரைத் தொட்டது. முதலில் முடி பட்டது, பிறகு மண்டை. ஆஸ்பத்திரிப் பெண் விரலை வைத்துப் பார்த்து, விரல் போகாததைக் கண்டு தலையாட்டினாள். இனிமேல் வர வேண்டாம் என்றாள். போவதற்கு முன் தனக்கொரு மேல்சட்டை தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். இவள் பையிலிருந்து டேப்பை எடுத்து, அங்கேயே, அந்த ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் அளவெடுத்தாள். இரண்டு தோளையும் இரண்டு தரம் அளந்தாள்.

"வலது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கும்மா உங்களுக்கு."

அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு மேசை மேல் இருந்த தன் கனமான கைப்பையைப் பார்த்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றாள்.

வலி ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் மழைக்காலத்தில் ஒன்றிரண்டு நாள் வந்து எட்டிப் பார்க்கும். சில காலைகளில் கட்டிலிலிருந்து பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றித்தான் எழுவாள். ஆனால் அதைக் கண்டு பயப்படுவதில்லை. வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிற மாதிரி, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாள். இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு. வெட்டும் வேலையை விடவில்லை. கை முன்னைவிடச் சுத்தம் என்று குட்டை சொல்கிறாள். அவள் வாயிலிருந்து அது வருவது லேசு இல்லை.

போன குளிர்காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை நடைக்கு நாத்தனாரும் வருகிறாள். யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் அவர்கள் இருவரும் கிளம்பும்போது, தன் வீட்டைப் பூட்டிவிட்டு வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தாள், முழங்கால் பிடிக்கிறது என்று ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிட்டு. பூங்காவைச் சுற்றி வருவதற்குள் பதினோரு பெஞ்சு இருக்கிறது. முதல் ஞாயிறு அத்தனையிலும் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, இந்த வயசில் யாராவது இப்படி நடப்பார்களா, இதெல்லாம் வேலையத்தவர்கள் செய்கிற காரியம் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் ஆறு பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். ஏழாவது பெஞ்சு வந்தபோது அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"உக்காரலையா?"

"பெயின்ட் ஈரமா இருக்கு," என்று சொல்லிவிட்டு, பெஞ்சைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.